பின்னுரையில் ஒரு பூனை

சிகுசா எழுதிய கதையின் தலைப்பு புத்தகத்தின் முதுகில் அடங்காது. 'சாபம் எடுக்க வந்த சூனியக்காரியை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெண் தளபதி' என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரருக்கு மூச்சு வாங்கிவிடும். அந்த ரகப் புத்தகங்களுக்கு அப்படித்தான் பெயர் வைப்பார்கள். சின்னதாக வைத்தால் யாரும் கையில் எடுப்பதில்லை. தளபதியின் பெயர் தாக்னி, சூனியக்காரியின் பெயர் செல்மி. முதல் தொகுதியில் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். இரண்டாவதில் கைகோத்தார்கள். நான்காவது தொகுதியில் அரசவை நிரம்பி வழிய, "இவள் என்னுடையவள். ஆட்சேபணை உள்ளவர் வாளோடு வரட்டும்" என்றாள் தாக்னி. அந்த ஒரு வரிக்காகப் பெண்பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

அதை எழுதியவளோ, அக்கம்பக்கத்தில் கேட்டால் "இகுமி என் தோழி, வாடகையைப் பங்கு போட்டுக்கறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இகுமி, மட்சுதோ ஊரின் பள்ளிகளுக்கெல்லாம் மதிய உணவு ஆக்கும் சமையற்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே அண்டாவில் துழாவும் கரண்டி ஆள் உயரம் இருக்கும். அதைப் பிடித்துப் பிடித்து அவள் தோள்கள் அகன்றுவிட்டிருந்தன. தலைக்கவசத்தில் சூப் காய்ச்சுகிற தளபதி, பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் தூங்கிப்போகிற தளபதி, சண்டையில் கலங்காமல் நின்றுவிட்டு வெங்காயம் நறுக்கும்போது மட்டும் அதைச் சாக்காக வைத்து அழுகிற தளபதி என்று வாசகர்கள் கொண்டாடினார்களே, அத்தனையும் அச்சு அசலாக இகுமிதான். சிகுசாவின் கற்பனையில் அந்த வாளைத் தவிர வேறொன்றும் இல்லை.

இந்த வகைப் புத்தகங்களில் கதை முடிந்ததும் எழுத்தாளர் பின்னுரை எழுதியாக வேண்டும். தத்துவமெல்லாம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டில் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டேன், ஏன் தாமதமானது என்று சும்மா அரட்டை. அச்சுத்தாளை மடித்து வெட்டும்போது கடைசியில் எத்தனை பக்கம் வெறுமனே மிஞ்சுகிறதோ அத்தனை பக்கத்துக்கு அந்த அரட்டை ஓட வேண்டும். கடையில் புத்தகத்தை எடுத்ததும் கதையை விட்டுவிட்டுப் பின்னுரையை முதலில் புரட்டுகிறவர்கள் ஏராளம். இகுமியும் அந்தக் கட்சிதான்.

முதல் தொகுதிக்குப் பின்னுரை எழுத உட்கார்ந்தபோது சிகுசாவிடம் வீட்டுக் கதை என்று சொல்ல இகுமியைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் சொந்த ஊரான குராயோஷியில் அம்மா இருந்தாள். மகள் எழுதிய புத்தகம் என்று பெருமையாகக் கடைக்குப் போய் வாங்குவாள். 'கதை எனக்குக் கூச்சமா இருக்குடி' என்று சொல்லி அதைத் தொட மாட்டாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பின்னுரையை மட்டும் இரண்டு தரம் படிப்பாள். குளிர் இரவில் என் காலைத் தன் காலால் சூடாக்குகிறவள் என்று எழுதினால் அம்மா கேட்க மாட்டாளா? கேட்பாள். அதனால் சிகுசா அந்த இடத்தில் ஒரு பூனையைப் போட்டாள்.

பூனைக்கு உமே என்று பெயர். உமே என்பது ஊறுகாய் போடுகிற புளிப்புப் பழம். அது இல்லாமல் இகுமிக்குச் சோறு இறங்காது.

"நான் பூனையா?" என்று இகுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "எழுத்தாளரம்மா, பூனைய எட்ட நின்னு பாத்தாலே எனக்கு அடுக்குத் தும்மல் வரும், தெரியும்ல?"

"அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வராது."

"சரி, மியாவ். ஆனா மீன்ல நடுத்துண்டு இனிமே எனக்குத்தான்."

அன்று இருவருக்குமே அது நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது. கதையை விடப் பின்னுரைப் பூனை பிரபலமானதுதான் வினை. குறட்டை விடும் பூனை, குளிர்சாதனப் பெட்டியோடு சண்டை போடும் பூனை, எழுதுகிறவளுக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டை விட்டு நகராத பூனை. பதிப்பகத்து முகவரிக்கு வாசகர்கள் பூனைத் தீனி அனுப்பினார்கள், மணி கட்டிய பட்டைகள் அனுப்பினார்கள், கையால் பின்னிய சட்டைகூட ஒன்று வந்தது. பொறுப்பாசிரியை குரேபயாஷி அத்தனையையும் பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்பிவைப்பாள். இகுமி முகமூடி போட்டுக்கொண்டு அவற்றை எதிர்ச்சாரியில் இருக்கும் சலவைக்கடைப் பூனைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "எனக்கு வந்த சீதனத்த அது தின்னுது பாரு" என்று முணுமுணுப்பாள். தொகுதிக்குத் தொகுதி அந்த முணுமுணுப்பில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்ததைச் சிகுசா கவனித்தாள். கவனித்தும் பேசாமல் இருந்தாள்.

நான்காவது தொகுதி எழுதிக்கொண்டிருந்த சமயத்தில் இகுமிக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவைச் சிகிச்சை ஆனது. ஆஸ்பத்திரி மாடியில் தாதி, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "தோழி" என்றாள் சிகுசா. குடும்பத்தார் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றாள் தாதி. சிகுசா கீழே இறங்கிப்போய், காபி விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். இகுமி மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அவளருகில் ஒரு ஜீவன் இல்லை. அன்று சாயங்காலம் அந்தப் பெஞ்சிலேயே சிகுசா பின்னுரையை முடித்தாள். உமேக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது, ஊர்ப்பட்ட பயம் பயந்தேன், இப்போது பிழைத்துக்கொண்டது. எழுதிய அத்தனையும் உண்மைதான், ஆளைத் தவிர.

புத்தகம் வந்ததும் பூனைக்கு நலம் விசாரித்து வாழ்த்தட்டைகள் குவிந்தன. இகுமி தரையில் உட்கார்ந்து ஒன்றொன்றாகப் படித்தாள். தழும்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது.

"ஊரு உலகமே எனக்காகக் கும்பிட்டிருக்குடி. ஆனா ஒருத்தருக்கும் நான் இருக்கறதே தெரியாது."

சிகுசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசித் தொகுதியில மட்டும் என்னை மனுஷியா எழுது" என்றாள் இகுமி. "பேரு வேணாம். காதலின்னு போட வேணாம். கூட ஒருத்தி இருக்கா, அவ நல்லா சமைப்பான்னு ஒரே ஒரு வரி. வால் இல்லாம. அது போதும் எனக்கு."

"சத்தியமா எழுதறேன்."

சத்தியம் செய்யச் சொல்லி இகுமி கேட்கவில்லை. சிகுசாவே வலியப் போய்ச் செய்தாள்.

கடைசித் தொகுதி அச்சுக்குப் போகும் நேரம் வந்தது. சிகுசா உள்ளுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டிருந்தாள். பக்கம் ஏதும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினாலும் நன்றி சொல்ல மட்டும் இடம் இருக்கும்படியாக மிஞ்ச வேண்டும். அப்படியானால் இகுமியிடம் 'இடம் இல்லைடி, நான் என்ன பண்ணுவேன்' என்று கையை விரித்துவிடலாம். இவ்வளவு மட்டமான ஒரு வேண்டுதல் தனக்குள் இருப்பது அவளுக்கே கூசியது. இருந்தாலும் வேண்டினாள்.

எழுத்தாளர்களை மரியாதையாக 'சென்செய்' என்றே கூப்பிடும் குரேபயாஷி போனில் குதூகலித்தாள். "சென்செய், நல்ல சேதி! எட்டு பக்கம் மிஞ்சுது! எந்த எழுத்தாளருக்கும் நான் இவ்வளவு குடுத்ததில்ல. உமேய பத்தி ஆசை தீர எழுதுங்க."

எட்டு பக்கம். ஒரு வரிக்கு எட்டு பக்கம்.

எழுதினாள். அதையும் சொல்ல வேண்டும், அவள் எழுதத்தான் செய்தாள். இகுமி வேலைக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில் ஒரே மூச்சில் எழுதினாள். 'இதுவரை உங்களிடம் ஒரு பொய் சொல்லி வந்தேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. என்னோடு ஒரு பெண் வாழ்கிறாள். தாக்னி பேசியதெல்லாம் அவள் பேசியது.' எழுத எழுத நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஜன்னலைத் திறந்துவிட்டாள், தேநீர் போட்டாள், சின்னக் குரலில் பாட்டுக்கூடப் பாடினாள். தான் நல்லவள்தான் என்று நம்பிக்கொண்டாள்.

அப்போது அம்மா கூப்பிட்டாள்.

"பேரிக்காய் வந்துச்சாடி? அடியில பூனைக்குன்னு கருவாடு வெச்சிருக்கேன், பாத்தியா? உமே எப்படி இருக்கு? எதிர்வீட்டம்மா உன் புத்தகத்த வாங்கிட்டுப் போயி, அவங்க சங்கத்துல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டறாங்க. தெருவுல போனா 'பூனைக்கு உடம்பு தேவலையா'ன்னு என்னைத்தான் நிறுத்திக் கேக்கறாங்க."

"ம்."

"உன்கூட இருக்கற பொண்ணு, அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா? ஆயிப் போயிட்டா நீ தனியாத்தான கெடக்கணும். நல்லவேளை, பூனையாவது துணைக்கு இருக்கு."

"ஆமாம்மா" என்றாள் சிகுசா.

போனை வைத்தாள். எதிர்வீட்டம்மா சங்கத்தில் சத்தம் போட்டு வாசிப்பதும், அம்மா நடுவில் உட்கார்ந்து கேட்பதும் அவள் கண்முன்னால் வந்து நின்றன. அந்தப் பெண்கள் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவின் முகம் என்ன ஆகும்? எழுதியதை அழித்தாள். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பூனை செத்துப்போய்விட்டால்?

யோசிக்க யோசிக்க அது நியாயமாகவே பட்டது. பொய்க்கு ஒரு முடிவு வந்துவிடும். பூனை இல்லை என்று ஆனபின், அடுத்த கதையின் பின்னுரையில் இகுமி நிதானமாக மனுஷியாக உள்ளே வரலாம். ஒரேயடியாக வேண்டாம், மெல்ல மெல்ல. இகுமிக்கும் அது நல்லதுதான். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதில் எழுத்தாளர்களை மிஞ்ச ஆளில்லை, அவர்களுக்குத் தொழிலே அதுதான். அன்று சிகுசா தன் வாழ்நாளிலேயே மிக அழகான எட்டு பக்கங்களை எழுதினாள். வசந்தத்தில் ஒருநாள், வெயில் விழுந்த இடமாகப் பார்த்துப் படுத்த உமே எழுந்திருக்கவில்லை. இனி என் கால்கள் குளிரும். குளிரட்டும், அது எனக்கு வேண்டியதுதான்.

"அலுவலகத்துல எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன் சென்செய்" என்றாள் குரேபயாஷி. ஓவியர் தாமாகவே முன்வந்து, தாக்னியின் தலைக்கவசத்துக்குள் சுருண்டு தூங்கும் பூனையைக் கடைசிப் பக்கத்தில் வரைந்து கொடுத்தார்.

எழுத்தாளருக்கான பிரதிகள் பெட்டியில் வந்து சேர்ந்தன. சிகுசா அந்தப் பெட்டியைப் படுக்கை அலமாரியின் அடித்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். இகுமியிடம் நயமாகச் சொல்ல ஒரு நல்ல நேரம் வரும் என்று காத்திருந்தாள். நல்ல நேரம் தினமும் வந்தது, தினமும் போனது.

இகுமிக்கு இலவசப் பிரதி பிடிக்காது, கடையில் வாங்கினால்தான் அவளுக்கு அது புத்தகம். ரயிலடிக் கடையில் வெளியீட்டுக்கு முதல் நாளே அடுக்கிவிடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். வேலை முடிந்து வருகிற வழியில் கடைக்குள் நுழைந்தாள், வழக்கம்போலப் பின்னாலிருந்து புரட்டினாள், நின்றபடியே எட்டு பக்கங்களையும் படித்தாள்.

சிகுசா அரிசி களைந்துகொண்டிருந்தாள். இகுமி செருப்பைக் கழற்றினாள், உள்ளே வந்தாள், கடைக்காரர் போட்டுக்கொடுத்த காகித உறையைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

"நான் எப்ப செத்தேன்?"

சிகுசாவின் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"வசந்தத்துலன்னு போட்டிருக்க. வசந்தத்துல நான் பிள்ளைங்களுக்குப் பட்டாணிச் சோறு ஆக்கிட்டு இருந்தேன். ஒரு பிள்ள மறுபடி கேட்டு வாங்கித் தின்னுச்சுன்னு உங்கிட்ட வந்து சொன்னேன். அப்போ எங்க, வெயில் விழற எடத்துல செத்துக் கெடந்தனா?"

"இகுமி, கேளு. அடுத்த கதையில உன்னைக் கண்டிப்பா—"

"வால எடுன்னு சொன்னேன். நீ உயிரையே எடுத்துட்ட."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சிகுசாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், எங்கேயோ ஓர் இடத்தில் அது சண்டையாகி, சமாதானமும் ஆகியிருக்கும். இகுமி உள்ளே போய்ப் பையில் துணிகளை அடுக்கினாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து போர்வையை இழுக்கும்போது அந்தப் பெட்டி தெரிந்தது. பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தாலாவது தேவலை என்றிருந்தது சிகுசாவுக்கு.

"எங்க போற?"

"காஷிவாவுல அக்கா வீட்டுக்கு. அங்க எனக்கு ஒரு பேரு இருக்கு." வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நாலாவது புத்தகத்துல தாக்னி அரசவையில சொல்றாளே ஒரு வரி. அத நீ எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுன அன்னிக்கு, என்னிக்காவது நீயும் சொல்லுவேன்னு நெனச்சேன். பைத்தியக்காரி நான்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

சிகுசா கூப்பிட்டபோது இகுமி போனை எடுக்கவில்லை. அக்காதான் எடுத்தாள். "அவ பேச மாட்டாளாம், இனிமே இங்க கூப்பிடாதீங்க" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

இரங்கல்கள் வர ஆரம்பித்தன. ஊதுபத்திக் கட்டு, வெள்ளைச் சாமந்தி, மேகத்தின்மேல் பூனை உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் படம். பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'தாக்னி அரசவையில் பேசியதைப் படித்துவிட்டுத்தான் என் அம்மாவிடம் என் சிநேகிதியைப் பற்றி உண்மையைச் சொன்னேன். அந்தத் தைரியம் நீங்கள் கொடுத்தது. உமேயின் ஆத்மா சாந்தி அடையட்டும்.' சிகுசா அதைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கடன் கொடுத்த தைரியத்தில் தனக்கென்று ஒரு துளிகூட அவள் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. இகுமியை அவள் ஒளித்து வைக்கவில்லை, தின்று தீர்த்துவிட்டாள். அவள் பேச்சை, அவள் தூக்கத்தை, அவள் வயிற்றுத் தழும்பை, எல்லாவற்றையும் அச்சில் ஏற்றி விற்றுவிட்டு ஆளை மட்டும் அழித்துவிட்டாள்.

அம்மா கூப்பிட்டபோது நடுப்பகல்.

"இப்பதான் படிச்சேன்டி" என்றாள் அம்மா. "அந்த வாயில்லா ஜீவன் உனக்கு எவ்வளவு பண்ணிச்சு. மனசே ஆறல எனக்கு. அதான், சாமி மாடத்துல அப்பா படத்துக்குப் பக்கத்துல அதுக்கும் ஒரு எடம் பண்ணிட்டேன். படம் இல்ல, பேரை மட்டும் எழுதி வெச்சு, ஒரு பேரிக்காய் வெச்சு, ஊதுபத்தி ஏத்தி—"

"அதை எடும்மா!"

சிகுசாவுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை.

"என்னடி?"

"ஊதுபத்திய அணை. பேரிக்காய எடு. இப்பவே எடு. அவ உயிரோட இருக்கா!"

"யாருடி? உமேயா?"

"பூனைன்னு ஒண்ணு எங்க வீட்ல இருந்ததே இல்லம்மா. நான் பொய் எழுதினேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் யாரோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதை அணைத்தாள்.

"அப்போ, குளிருக்கு உன் காலைச் சூடாக்கினது?"

"இகுமி."

"காய்ச்சல்ல கெடந்தப்போ உன் தலைமாட்ட விட்டு நகராம இருந்தது?"

"இகுமிதாம்மா. எல்லாமே அவதான். நாங்க ரெண்டு பேரும்..." வாக்கியத்தை முடிக்க அவளிடம் சொல் இல்லை. அரசவைக்கெல்லாம் வசனம் எழுதியவள். "வாடகைக்காக இல்லம்மா. ஆரம்பத்துலேர்ந்தே வாடகைக்காக இல்ல."

சிகுசா கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். திட்டு வரும், அழுகை வரும், போன் துண்டிக்கப்படும். எதுவானாலும் தனக்கு அது வேண்டியதுதான் என்று தோன்றியது.

"அந்த ஆபரேஷன்?" என்றாள் அம்மா.

"அதுவும் அவளுக்குத்தான்."

"கருவாடு அனுப்பினேனேடி." அம்மாவின் குரல் உடைந்தது. "வயித்த அறுத்துத் தையல் போட்டுக் கெடந்த பொண்ணுக்குக் கருவாட்ட அனுப்பினேன். எத்தனை தடவ போன் பண்ணேன், எப்படிம்மா இருக்கேன்னு அவளை ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? கல்யாணம் எப்போன்னு கேட்டேன். என்னையும் இந்தப் பாவத்துல கூட்டு சேத்துட்டியே, ஏன்டி?"

"நீ என்ன நெனப்பியோன்னு பயந்தேன்மா."

"நான் என்ன நெனப்பேன்னு எனக்கே இன்னும் தெரியல. எதிர்வீட்டம்மாகிட்ட என்ன சொல்லுவேன்னும் தெரியல. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." மூக்கை உறிஞ்சினாள். காகிதத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. மாடத்தில் வைத்த பெயராக இருக்க வேண்டும். "உசுரோட இருக்கறவளுக்குப் போய் ஊதுபத்தி ஏத்திட்டேன். மொதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். குடு அவகிட்ட."

சிகுசா சமையலறையைப் பார்த்தாள். மேசைமேல் உமே ஊறுகாய் ஜாடி மூடியபடி இருந்தது. இகுமி போனதிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. பக்கத்தில் வெள்ளைச் சாமந்திகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

"இங்க இல்லம்மா."

"வேலைக்குப் போயிருக்காளா? சரி, வரட்டும். நான் போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். எத்தனை மணிக்கு வருவா?"